யாரும் வெளியே போகாத விளையாட்டு

கிரான்பர்னில் தமிழ்ச் சபைக்கென்று சொந்தக் கட்டடம் கிடையாது. வெள்ளைக்காரர் தங்கள் ஆராதனையை முடித்து, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன பிறகு, ஞாயிறு பின்னேரம் அதே இடம் தமிழருக்கு வாடகைக்குக் கிடைக்கும். பெரியவர்கள் முன்மண்டபத்தில் தொண்டை கிழியப் பாட, பின்னறையில் சுஜீவா சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடசாலை நடத்துவாள்.

பாடம் என்றால் விளையாட்டுத்தான். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அன்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தால் மூக்கைத் தோண்டிக்கொண்டு கூரையைப் பார்ப்பார்கள். அதனால் பொறுமைக்கு ஒரு விளையாட்டு, உண்மைக்கு ஒரு விளையாட்டு, அன்புக்குச் சங்கீதக் கதிரை. ஆனால் அவளுடைய சங்கீதக் கதிரை தலைகீழானது. பாட்டு நிற்கும்போது கதிரை ஒன்று குறையும். பிள்ளை ஒன்றும் குறையாது. மடியிலும் தொடையிலும் நெருக்கியடித்து எல்லாரும் உட்கார்ந்தே ஆகவேண்டும். ஒருவர் வெளியே நின்றாலும் எல்லாருக்கும் தோல்வி.

கொஞ்சக் காலமாகப் பொறுமையும் உண்மையும் அடிபட்டுப் போயின. வாராவாரம் சங்கீதக் கதிரைதான். கீபோர்ட் வாசிக்கும் செலின் அன்ரி, "ஏன் பிள்ளை, இதுகளுக்கு வேற நல்ல குணமொண்டும் வேண்டாமே?" என்று பகிடியாகக் கேட்டும் பார்த்தார். சுஜீவா சிரித்து மழுப்பிவிட்டாள். உண்மைக் காரணத்தைச் சொன்னால் சபை கூடி அவளுக்கு ஜெபம் பண்ணத் தொடங்கிவிடும்.

காரணம் தாட்சாயினி. சைவக் குடும்பத்துப் பிள்ளை. தாய்க்கு முதியோர் இல்லத்தில் ஞாயிறு வேலை என்பதால் இந்த வருஷம்தான் இங்கே கொண்டுவந்து விடப்பட்டவள். முதல் நாளே, எல்லாரும் நெருங்கி உட்கார்ந்த நேரம், அவள் தன் மடியை மட்டும் இரண்டு கைகளாலும் வளைத்துக் காத்துக்கொண்டாள்.

"தள்ளாதேங்கோ, இவர் நசிஞ்சு போவார்!"

"ஆரம்மா நசியிறது?" என்றாள் சுஜீவா.

"இந்தச் சின்னப் பையன். ஒரு ஷூதான் போட்டிருக்கிறார்."

சுஜீவா அந்த வெறும் மடியையே குனிந்து பார்த்தாள். அவளுடைய மகன் ஜெரோன், கடைக்குப் புறப்பட்ட தகப்பனோடு தானும் போகவேண்டுமென்று ஒற்றைச் சப்பாத்தோடு வெளியே ஓடியவன். தகப்பன் அருந்தவன் பார்க்கவில்லை. காரைப் பின்னுக்கு எடுத்தான். அந்தச் சப்பாத்துச் சங்கதியைப் பெற்றவர்கள் இருவரும் எவரிடமும் சொன்னதில்லை.

எல்லாம் தேவசித்தம் என்று அப்போது சபையார் ஆறுதல் சொன்னார்கள். ரிவேர்ஸ் கியர் போடுவதும் தேவசித்தமா என்று கேட்க அவளுக்கு நாக்குத் துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். மன்னிப்புக்கு மட்டும் அவள் விளையாட்டு வைப்பதே இல்லை. எந்த முகத்தோடு வைப்பாள்? புருஷனோடு ஒரே வீட்டில்தான் இருந்தாள். சோற்றைப் போட்டு மூடி வைப்பாள்; பேச்சில்லை. காரை விற்கச் சொன்னபோது அவன் "ஏலாது" என்றான். பிள்ளையைத் தின்ற காரைக் கட்டிக்கொண்டு இருக்கிறவனும் ஒரு மனுஷனா என்று அவள் மனம் வெறுத்துப் போனாள். அந்தக் காரில் அவள் ஏறுவதில்லை. சபைக்குச் செலின் அன்ரியோடு வருவாள். அவனும் தன் பாட்டில் வந்து, உள்ளே நுழையாமல், ஆராதனை முடியும்வரை வெளியே காருக்குள்ளேயே இருந்துவிட்டுப் போவான்.

அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த விளையாட்டுக்காகத்தான். பாட்டு நின்றதும் தாட்சாயினிக்கு முன்னால் முழங்காலில் நின்று, ஒன்றுமே இல்லாத அந்த மடிக்கு மேலே கையை வைத்திருப்பாள். சில நாட்களில் கைக்கு இளஞ்சூடு தெரியும். அது ஹீட்டர் சூடு என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அவளுக்கு அது மகன்.

அன்றைக்கு நல்ல மழை. பாட்டு நின்றது. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து உட்கார்ந்தார்கள். தாட்சாயினியின் மடியில் வேறொரு பிள்ளை ஏறி இருந்தது.

"அவருக்கு இடம் விடேல்லையா?" என்று கேட்டாள் சுஜீவா.

"அவர் வரேல்ல அன்ரி. அந்தா, அந்த அங்கிளின்ர காரில இருக்கிறார்." தாட்சாயினி ஜன்னலைக் காட்டினாள். "அங்கிள் தனிய எண்டு வரமாட்டாராம்."

"அப்ப நாங்க தோத்திட்டம்!" என்று ஒரு பையன் கத்தினான். "ஒராள் அவுட்சைட்!"

"ரெண்டு பேர்," என்றாள் தாட்சாயினி.

சுஜீவாவுக்கு முதலில் வந்தது ஆத்திரம். இதையும் பறித்துக்கொண்டானா! பிள்ளைகளைச் செலின் அன்ரியிடம் விட்டுவிட்டு, மழையில் நனைந்தபடி போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினாள். அருந்தவன் கண்ணாடியை இறக்கினான். எத்தனையோ நாள் நித்திரை கொள்ளாத முகம்.

"உள்ள வாங்கோ," என்றாள் வெடுக்கென்று. "நீங்கள் வராட்டி அவன் வரமாட்டானாம்."

யார் என்று அவன் கேட்பான், அப்போது முகத்துக்கு நேரே சொல்லவேண்டும் என்றுதான் நின்றாள். அவன் கேட்கவில்லை. உதட்டில் விரலை வைத்துப் பின்னால் காட்டினான். பின்சீற்றில் குழந்தை இருக்கை அப்படியே இருந்தது. அதன் பட்டி பூட்டியிருந்தது.

"மெல்லக் கதையும். இப்பதான் நித்திரையானவன்."

அவள் ஜன்னலுக்குள் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "மற்ற நேரமெல்லாம் இதுக்குள்ளயே இருக்கிறவனோ?"

"ஓம். இரவிலயும் நான் வந்து பக்கத்தில இருக்காட்டி அழுவான். காரை வித்தா எங்க போவான், சொல்லும்?"

மழை அவள் தலையில் கொட்டியது. வெறுப்பு அந்த நிமிஷமே போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் இத்தனை காலமும் இந்த மனுஷன் ஒற்றை ஆளாகப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அவள் நெஞ்சில் உறைத்தது. சுற்றிப்போய்ப் பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்து, அந்தச் சின்ன இருக்கைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீங்கள் கொஞ்சம் கண்ணை மூடுங்கோ," என்றாள். "நான் பாத்துக்கொள்ளுறன்."