அறுபதாவது கார்டு

"வள்ளி, சீக்கிரம் வா. உருகப் போகுது."

ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டே அமுதவள்ளி ஓடிவந்தாள். அவள் கணவர் தம்புசாமி, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் கார்டின்மேல் பிடித்திருந்தார். முத்திரை மையில் ஒட்டியிருந்த மங்கலான தூள் சட்டென்று இளகிப் பளபளவென்று பொன் மயிலாக எழுந்து நின்றது. ஐம்பத்தொன்பதாவது மயில். ஒவ்வொன்றுக்கும் அவளை ஓடிவரச் செய்திருந்தார்.

"உங்களுக்கே கல்யாணம் மாதிரில்ல குதிக்கிறீங்க."

"மொத ஆர்டர்லா."

கிள்ளான் துறைமுகத்தில் முப்பது வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய மனுஷர், ஓய்வு பெற்றதும் மையும் முத்திரையுமாக வாழ்த்துக் கார்டு செய்ய உட்கார்ந்துவிட்டார். சொந்தக்காரர்கள் அவர் கார்டுகளைச் சும்மா வாங்கிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். இப்போதுதான் முன்பின் தெரியாத ஒரு பெண், விஷ்ணுப்ரியா, தன் கல்யாணத்துக்கு அறுபது நன்றிக் கார்டுகள் கேட்டிருந்தாள். நான்கு மணிக்கு வருவாள்.

அவருடைய இதயம் இனி தாங்காது, வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்லி மாதம் ஒன்று ஆகிறது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கடைசிக் கார்டில் முத்திரையை அழுத்தினார். தூளைத் தூவினார். மிச்சத்தைத் தட்டி டப்பாவில் கொட்டினார்.

"கொஞ்சம் சாயுறேன். காத்தாடியப் போட்டுடாத, தூள் பறந்துடும்."

அவள் துணி காயப்போட்டுத் திரும்பியபோது சோபாவில் அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். மணி மூன்று ஐம்பது.

பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் மகன் பிரவினை அழைக்கக் கைப்பேசியை எடுத்தாள். எடுத்த கை நின்றது. சாவு வீட்டிலிருந்து கல்யாணப் பொருளை யார் வாங்குவார்கள்? தன் மகளுக்கென்றால் அவளே வாங்கமாட்டாள். சொன்னால் அறுபதும் குப்பைக்குத்தான். சொல்லாவிட்டால் பாவம்.

மேசையில் அந்தக் கார்டு கிடந்தது, மயில்மேல் தூள் அப்படியே.

அவர் ஒருநாளும் அவளைத் தொடவிடாத ஹீட் கன்னை எடுத்தாள். கழுத்து, தோகை, ஒவ்வொரு கண்ணாகப் பொன் எழுந்தது. ஓரிடம்கூடத் தீயவில்லை. அந்த நிலையிலும் உள்ளுக்குள் ஒரு துள்ளல் துள்ளியது. "வந்து பாருங்க" என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். அப்படிச் சந்தோஷப்பட்டதற்காகத் தன்மீதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வாசலில் ஹார்ன் கேட்டது.

அறுபதாவதை மேலாக அடுக்கி மூடி, உள்கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியை கேட் சுவர்மேல் வைத்து, இரண்டடி தள்ளி நின்றாள். விஷ்ணுப்ரியா மூடியைத் திறந்தாள்.

"ஐயோ ஆன்டி, செம்மையா இருக்கு. அங்கிள் எங்க?"

"தூங்குறாரும்மா."

"எழுப்பாதீங்க, பரவால்ல." கையைப் பிடிக்க வந்தாள். அமுதவள்ளி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"மை ஒட்டிடும்மா."

"ஒட்டட்டும்லா." சிரித்துக்கொண்டே மேலாக இருந்த கார்டை எடுத்து, கார் முன்மூடியில் விரித்து வைத்து, பேனாவால் ஏதோ எழுதினாள்.

"மொத நன்றி அங்கிளுக்குத்தான். எழுந்ததும் குடுங்க. மூடிடாதீங்க ஆன்டி, வழவழ பேப்பர், மை காய நேரமாகும்."

"நல்லா இரும்மா" என்றாள் அமுதவள்ளி. அதை மனசாரத்தான் சொன்னாள்.

கார் முனை திரும்பியது. அவள் கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே போய், சோபாவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து பிரவினை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு கையில் கார்டை ஓரத்தில் மட்டும் பிடித்து, விரித்தபடியே, எதன்மேலும் படாமல் தூக்கி வைத்திருந்தாள்.