இன்னாசியின் ஆழாக்கு

1

இந்தக் கதை ஒரு வாசகர் கடிதத்தில் பிறந்தது. அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரு மாதப் பத்திரிகையில் சிக்கனச் சமையல் பகுதி எழுதுகிறவள் நான். மளிகைச் செலவை எப்படிக் குறைப்பது, மீந்த சோற்றை என்ன செய்வது, இதுதான் என் பிழைப்பு. சங்கராபுரத்திலிருந்து சுபஸ்ரீ என்ற பெண் கேட்டிருந்தாள்: "என் கணவருக்கு வெளியூர் வேலை. எந்த நாள் வருவார் என்று தெரிவதில்லை. அவருக்கும் சேர்த்துச் சமைத்தால் வீணாகிறது. என்ன செய்யலாம்?"

"அளவைக் குறையுங்கள்" என்று எழுதினேன். உடனே அடித்தேன். (இந்த யோசனையை ஒரே ஒருமுறை, நேருக்கு நேராக, ஒருத்திக்குச் சொல்லியிருக்கிறேன்.) சுபஸ்ரீக்கு இன்னும் பதில் போகவில்லை.

2

முதல் தொடக்கம்: "கல்வராயன் மலையில் மேகம் தவழ்ந்துகொண்டிருந்த அந்த இனிய காலையில்..."

வேண்டாம். வடக்கனந்தலில் நாங்கள் மலைப்பக்கம் பார்ப்பது, மாடியில் போட்ட வடகம் காயுமா, நனையுமா என்று தெரிந்துகொள்ளத்தான்.

இரண்டாம் தொடக்கம்: "1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலின்போது..."

இதுவும் பாதியிலேயே நிற்கட்டும். ரோட்டில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்தவர்களில் எங்கள் தெரு ஆட்களும் உண்டு. கேட்டதில் நியாயமும் உண்டு, போலீசிடம் அடி வாங்கிப் படுத்தவர்களும் உண்டு. அதையெல்லாம் எழுத விவரமான ஆட்கள் இருக்கிறார்கள். என் கதைக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஒரு வாரம் பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை.

மூன்றாவது: தெரசா உலையில் இரண்டு ஆழாக்கு அரிசி போட்டாள்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

தெரசா என் பக்கத்து வீடு. புருஷன் இன்னாசி கொத்தனார். அப்போது மலைமேல் ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலை. திங்கட்கிழமை ஏறினால் சனிக்கிழமை இறங்குவான். வீட்டில் அவளும் நான்கு வயது ஜூலியாவும்தான்.

சிக்கனத்தில் நான் அவளிடம் பாடம் படிக்க வேண்டும். சோறு வெந்ததும் விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்துக் கரியை எடுத்து வைப்பாள். தக்காளி மலிந்தால் அரிந்து உப்புப் போட்டுக் காயவைப்பாள். கறிவேப்பிலைக் காம்பு ரசத்துக்குப் போகும். என் பகுதியில் நீங்கள் பாராட்டிய பாதி யோசனைகள் அவளுடையவை. பெயர் போட்டதில்லை.

(இப்படி எழுதினால் அவளைக் கஞ்சப்பிசினாறி என்று நினைப்பீர்களோ? வாசலுக்கு வந்தவர்களை அவள் வெறும் வயிற்றோடு அனுப்பி நான் பார்த்ததில்லை. இந்த வரி முன்பே வந்திருக்க வேண்டும். போகட்டும்.)

அந்தச் சனிக்கிழமை இன்னாசி வரவில்லை. ரோடெல்லாம் மரம் கிடக்கும்போது எப்படி வருவான்? ஆனால் இரண்டு ஆழாக்கு போட்டாள். ஒன்று அவளுக்கும் குழந்தைக்கும், ஒன்று அவனுக்கு. ஞாயிறும் இரண்டு. திங்களும் செவ்வாயும் இரண்டு. மீந்த சோற்றைத் தண்ணீர் ஊற்றி மறுநாள் தின்றார்கள். அதற்கும் மீந்ததை உப்பும் சீரகமும் போட்டுப் பிசைந்து வடகமாகக் கிள்ளிவைத்தாள். வானம் மூடிக்கொண்டிருந்தது, அது காயவே இல்லை.

புதன்கிழமை காலை அவளுடைய அரிசி டின்னை எட்டிப் பார்த்தேன். அடி தெரிந்தது.

"இன்னாடி இது, ஆளில்லாத வூட்டுல ரெண்டு ஆழாக்கு? ஒன்னு போடு. கொழந்தைக்காவது நாளைக்கு ஆவும்."

"நடந்தாவது வந்துடுவாருக்கா. வந்தா பசியோட வருவாரு."

"வந்தா அப்ப பொங்கிக்கலாம்டி. கட எப்பத் தொறக்கும்னு யாரு கண்டா?"

அவள் டின்னை மூடி வைத்தாள். கேட்க மாட்டாள் என்று நினைத்து வந்துவிட்டேன்.

4

மறுநாள் வியாழக்கிழமை. இன்னாசியோடு வேலை செய்த மலை ஊர்க்காரன் வேடியப்பன் மலையிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தான். தெருமுனையில் என்னிடம்தான் வீடு கேட்டான்.

"ஞாயித்துக்கெழமயே போய்ட்டாருங்க. ரெண்டு நாளு ஜொரம், மூணாம் நாளு பேச்சில்ல. வண்டி எதுவும் கெடைக்கல. அங்கியே அடக்கம் பண்ணிட்டோம்ங்க."

எனக்கு முதலில் தோன்றியது அந்தச் சோறுதான். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மூன்று நாளாகச் செத்தவனுக்கு அல்லவா உலை வைத்திருக்கிறாள்! தெரிந்தால் தாங்குவாளா? நான் கெட்டிக்காரி. அங்கேயே நின்று ஒரு யோசனை சொன்னேன்.

"கெழமய சொல்லாதப்பா. நேத்துன்னு சொல்லு."

அவன் தலையாட்டினான். அப்படியே சொன்னான்.

தெரசா அழவில்லை. வேடியப்பனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யக்கா, நேத்துதான்க்கா ஒரு ஆழாக்கு போட்டேன்."

5

இந்த இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். இதற்கு அடுத்த வாக்கியம் "உடனே நான் உண்மையைச்..."

இல்லை. சொல்லவில்லை. வேடியப்பன் என் முகத்தைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன். சாவு வீட்டில் பொய் சொன்னவள் என்று ஆகிவிடுமே என்ற வெட்கம்தான், வேறொன்றுமில்லை. பத்து நாள் கழியட்டும் என்றேன். பிறகு வருஷம் திரும்பட்டும் என்றேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அளவைக் குறைத்த அன்றுதான் புருஷன் போனான், தான் குறைத்ததால் போனான் என்று அவள் நம்புகிறாள். என்னை ஒரு சொல் சொன்னதில்லை. குறைக்கச் சொன்னவள் நான் என்பதே அவளுக்கு மறந்துவிட்டதோ என்னவோ. ஒவ்வொரு செப்டம்பர் இருபத்துமூன்றாம் தேதியும் கோயிலில் அவனுக்காகப் பூசை வைக்கிறாள். நானும் கூடப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தவறான தேதிக்கு மெழுகுவத்தி எரிவதைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ. நான் போய்ச் சொல்கிறேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு "போவுது வுடுக்கா" என்கிறாள். (எனக்கு நானே மன்னிப்பு வழங்கிக்கொள்வது. அடித்துவிட்டேன்.)

ஆ. தெரியாமலே அவள் கண்ணை மூடுகிறாள். (நாள் போகிற போக்கில் இதுதான் நடக்கும். எழுதக் கை வரவில்லை.)

இ. சொல்கிறேன். அவள் கேட்கிறாள்: "அப்ப மூணு நாளு நான் யாருக்குக்கா பொங்கினேன்?" (இதோடு பேனாவை மூடிவிட்டேன்.)

7

பத்திரிகை வாங்குகிற மற்றவர்கள் மன்னிக்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதி ஒருத்திக்கு மட்டும்.

ஜூலியா, உன் அம்மாவுக்குக் கண் மங்கியதிலிருந்து என் பக்கத்தை நீதான் வாசித்துக் காட்டுகிறாய். முதலில் நீ மனசுக்குள் படித்து, சர்க்கரைக்கு ஆகாத பண்டமிருந்தால் அதை விட்டுவிட்டுப் படிப்பாய் என்று அம்மாவே சொல்லிச் சிரித்திருக்கிறாள். அப்படியென்றால் இதையும் இப்போது நீ மட்டும்தான் படித்துக்கொண்டிருக்கிறாய்.

உன் அப்பா இறந்தது இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று உன் வீட்டு உலையில் அவருடைய ஆழாக்கும் இருந்தது. அம்மா குறைத்தது மூன்று நாள் கழித்து, நான் சொல்லி. நேரில் வந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன் தலையில் கட்டுகிறேன், அது அநியாயம் என்றும் தெரியும்.

நீ சும்மா இருப்பதைப் பார்த்து அம்மா கேட்பாள், "இன்னாடி, அக்கா இந்த மாசம் இன்னா எழுதிக்கிறாங்க?"