வானிலை அறிக்கையில் ஒரு வரி

அந்தத் தையல் கூடத்தில் வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேற்பார்வை அவள் கையில். அவள் அதட்டினால் மெஷினே நூலை ஒழுங்காகக் கோத்துக்கொள்ளும் என்று கேலி பேசுவார்கள்.

அவளுடைய தம்பிக்கு வானிலை நிலையத்தில் வேலை. வீட்டில் அவன் பெயர் 'குடை'. "மழை வரும்னு குடை சொல்லிட்டான், தைரியமா துணியைக் காயப்போடு" என்று அம்மா உட்பட எல்லோரும் அவனை வாருவார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் சூரியன் முகத்தையே காட்டவில்லை. கூடத்தில் முதலில் காலர் தைக்கிறவள் இருமினாள். அடுத்து அவள் பக்கத்து மேஜை. பிறகு பட்டன் பிரிவே காய்ச்சலில் படுத்துவிட்டது. மிச்சமிருந்தவர்கள் குளிருக்குப் பயந்து ஜன்னல்களை இறுக்கிச் சாத்தி, இடுக்குகளில் வெட்டுத்துணியைத் திணித்திருந்தார்கள்.

அக்கா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்து வந்த தம்பி, உள்ளே காலை வைத்ததும் முகத்தைச் சுளித்தான்.

"என்னக்கா இது, ஒருத்தர் விட்ட மூச்சை இன்னொருத்தர் இழுத்துக்கிட்டு இருக்கீங்க?"

"குளிராலதானேடா சளி பிடிக்குது? அதான் சாத்தி வச்சிருக்கோம்."

"குளிர் மட்டும் வந்தா காய்ச்சல் வராதுக்கா, வைரஸ் வேணும். குளிருதுன்னு எல்லாரும் உள்ளேயே அடைஞ்சு கிடக்கோம் பாரு, அதுதான் அதுக்குக் கொண்டாட்டம். காத்தும் வறண்டு கிடக்கு. இருமுற துளி சுருங்கி, கீழ விழாம மிதக்கும். நல்ல வெயில் பட்டா வைரஸ் சீக்கிரம் செத்துடும். வெயில் எங்க இருக்கு? அடுத்த வாரமும் இதே மூட்டம்தான்."

"அப்ப சூரியன் வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உட்காரணுமா?"

"சூரியனை வரவழைக்க முடியாது. ஜன்னலைத் திறக்கலாம்ல?"

அக்கா காலியாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தாள். முக்காலியைப் போட்டு ஏறி, இடுக்குத் துணிகளை அவளே பிடுங்கி எறிந்தாள். முணுமுணுப்பு எழுந்தது. காற்று நேராக அடிக்கிற ஜன்னலோரம் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் உட்கார்ந்ததும் அடங்கியது. மதியச் சாப்பாடும் மொட்டைமாடிக்குப் போனது.

முதலாளி பதறிக்கொண்டு வந்தார். "வெள்ளைத் துணியில தூசி படிஞ்சா யாரும்மா பொறுப்பு?"

"தூசி படிஞ்சா துவைச்சுக்கலாம். ஆளுங்க படுத்துட்டா யாரை வச்சு தைப்பீங்க? காய்ச்சல்காரங்களுக்குச் சம்பளத்தோட லீவு கொடுங்க. இல்லன்னா மறைச்சுக்கிட்டு வந்து பரப்புவாங்க."

அவர் தலையைச் சொறிந்தார், ஆனால் மறுக்கவில்லை.

இருமல் ஒரேயடியாக நின்றுவிடவில்லை. ஆனால் அடுத்து நம் முறைதான் என்று பயந்துகொண்டிருந்த, சட்டைக் கை தைக்கும் பிரிவில் ஒன்றிரண்டு பேரோடு அது ஓய்ந்தது. அக்கா தம்பியைத் தலைமேல் தூக்கிவைத்துப் பேசினாள். அவனோ, "ஜன்னலாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன்கா. உதவியிருக்கும், அவ்வளவுதான்" என்றான். அளந்து பேசிய அந்தப் பேச்சில் அவளுக்கு இன்னும் பெருமை கூடியது.

அதோடு அவன் விடவில்லை. மூட்டமும் குளிரும் வருகிற வாரங்களில் மக்களை எச்சரிக்க வேண்டும் என்று அலுவலகத்தில் மல்லுக்கட்டினான். "மழை, வெயில் சொல்றதுதான் நம்ம வேலை, வைத்தியம் இல்ல" என்றார் மேலதிகாரி. சுகாதாரத் துறை மருத்துவர்களிடம் நடையாய் நடந்து, அந்த எச்சரிக்கையை அவர்களையே எழுதித் தரவைத்தான்.

ஒரு நாள் காலை, கூடத்து ரேடியோவில் அவன் குரலே வந்தது. "வரும் நாட்களில் குளிரும் மேகமூட்டமும் நீடிக்கும். சளிக்காய்ச்சல் பரவ வாய்ப்பு அதிகம். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். இருமல் இருப்பவர்கள் வீட்டில் ஓய்வெடுங்கள்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. "குரல் நல்லா இருக்கே, யாருக்கா அது?" என்று கேட்டாள் காலர் தைக்கிறவள்.

"என் கூடப் பிறந்தவன்" என்றாள் அக்கா. ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொன்னாள். வேலை நின்றதற்கு அன்று அவள் யாரையும் அதட்டவில்லை.