இருபத்தெட்டு நாற்றுகள்

நாற்றுப் புட்டி வீட்டுக்கு வந்த அதே வாரத்தில்தான் கண் டாக்டரும் விஷயத்தை உடைத்துச் சொன்னார். அவளுடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, மருந்து கிடையாது. நாலு வருடம் ஓரளவு பார்க்கலாம், அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது.

அவள் சாயப்பட்டறையில் நிறம் பார்ப்பவள். நமக்கு ஒரே நீலமாகத் தெரியும் இரண்டு துணிகளை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்து, "இதுல சிவப்பு ஒரு சொட்டு கூட" என்பாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். பிள்ளைகள் இல்லை. இருந்ததெல்லாம் கூடத்து ஜன்னலில் சில செருப்பு ஆர்க்கிட் செடிகள். கீழிதழ் செருப்பின் முன்பக்கம் போலக் குழிந்திருக்கும் பூ. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பச்சைப் பூவின் மகரந்தத்தைப் பல்குச்சியில் எடுத்து, கருஞ்சிவப்புப் பூ ஒன்றில் அவளே வைத்தாள். காய் முற்றப் பத்து மாதம் ஆயிற்று. தூசு போன்ற அந்த விதைகளை ஓர் ஆய்வகத்தில் சத்துக் கூழில் முளைக்கவைத்து, இப்போது புட்டியோடு அனுப்பியிருந்தார்கள். இந்தக் கலப்பு என்ன நிறத்தில் பூக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதைப் பார்க்கத்தான் அவள் இவ்வளவு பாடுபட்டாள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கூழை அலசி, ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து, மரப்பட்டைத் துகள் நிரப்பிய தட்டில் நட்டாள். மொத்தம் இருபத்தெட்டு. ஒன்றும் நகத்தைவிடப் பெரிதில்லை. அவர் பட்டையை நறுக்கிக் கொடுத்தார்.

"எப்பப் பூக்கும்?"

"நல்லா வந்தா அஞ்சு வருஷம்."

இருவருக்கும் கணக்குத் தெரியும்.

முதல் வருடம் முழுக்க ஒவ்வொரு செடியும் ஒரே ஒரு இலைதான் விட்டது. அவருக்குப் பொறுக்கவில்லை. "எதையாவது போட்டு வேகமா வளர்க்க முடியாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பட்டன அமுக்கினா மேல வர்றதுக்கு இது என்ன உங்க லிஃப்டா?" என்று சிரித்தாள்.

அவரும் சிரித்தார். ஆனால் அவள் வேலைக்குப் போன பிறகு, அவள் கலக்கும் உரத்தைப் போல மூன்று பங்கு கலந்து ஊற்றத் தொடங்கினார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. செடிகளுக்கு மேலே தொங்கிய விளக்கையும் ஒரு சாண் கீழே இறக்கினார். பத்து நாளில் இலை நுனிகள் பழுப்பாயின. அவள் பார்வை வட்டத்துக்குள் அது உடனே சிக்கவில்லை. இலைகளின் நடுவில் தண்ணீர் தேங்கி, குருத்துகள் கொழகொழத்துப் போனபின் நாற்றத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தாள்.

"என்னங்க, இது அழுகல் வாடை."

குனிந்து, கண்ணுக்கு மிக அருகில் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான்தான். உரத்தக் கூட்டிட்டேன். தண்ணியும்."

"எதுக்கு?"

"நீ பாக்கணும்னு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். கத்தியை அடுப்பில் காட்டி, அழுகியதை வெட்டி, வெட்டிய இடத்தில் சமையலறை லவங்கப்பட்டைப் பொடியைத் தூவினாள். இருந்தும் அந்த மாதத்துக்குள் பத்தொன்பது போயின. அடுத்த மழைக்காலத்தில் இன்னும் ஏழு.

மூன்றாம் வருடம் பட்டறையில் அவள் சரியென்று விட்ட இரண்டு பச்சைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவேயில்லை. ஒரு முழுச் சுமைத் துணி திரும்பி வந்தது. மேற்பார்வையாளர் நல்ல மனுஷன். "அக்கா, மடிக்கிற பக்கம் வந்துடுங்க, உக்காந்தே பாக்கலாம்" என்றார். ஒரு வாரம் மடித்தாள். பிறகு போகவில்லை.

நாலாவது வருடம் முடியும்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரிந்தது. நாற்றுகளில் மிஞ்சியவை இரண்டு. இலைகள் ஒரு விரல் நீளம். அவர் ஆய்வகத்துக்குப் போன் போட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்தார். அவளிடம் அது எடுபடாது.

"இந்த அளவுல இருந்தா, இன்னும் மூணு வருஷமாவது ஆகுமாம்."

"சரி."

"பூத்ததும் நான் சொல்றேன். எந்த நிறம்னு."

"நீங்க ஊதாவையும் நீலத்தையும் ஒண்ணும்பீங்க." குரலில் கேலி இல்லை. "வேணாங்க. இனி அதுங்களப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க."

அவர் பேசுவதில்லை. ஆனால் ஊற்றாமல் இருக்கவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, அவள் சொல்லிக்கொடுத்த அளவில், குருத்தில் ஒரு சொட்டும் படாமல் ஓரமாக ஊற்றுகிறார். இரண்டில் ஒன்றின் அடியிலை இந்த வாரம் மஞ்சளாகியிருக்கிறது. வயதாகி உதிர்கிறதா, மறுபடியும் அழுகலா என்று அவருக்குப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. கேட்கவும் ஆளில்லை.