பேச்சுக்கு ஓட்டை இல்லாத சுவர்

மாடி ஆஸ்பத்திரிக்குப் பிளான் போட்ட உமாபதிக்கு, நாலு மாடியிலும் அவசர வார்டுக்கு வைத்த கண்ணாடிச் சுவர் மேல்தான் அத்தனை கர்வம். காஞ்சிபுரத்தில் ஒருத்தர் படுத்தால் போதும், தெருவே தூக்குச்சட்டியோடு வந்து கட்டிலைச் சுற்றிக்கொள்ளும். உயிருக்குப் போராடுகிறவர்கள் வார்டில் அந்தக் கூத்தெல்லாம் கூடாது. கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், உள்ளே போகக் கூடாது.

வரைபடத்தைப் பார்த்த மனைவி காந்தாதான் முகத்தைச் சுளித்தாள். "பேசறதுக்கு ஒரு ஓட்டை கூட இல்லியே. டிக்கெட் குடுக்கற எடத்துலயே வெக்கறாங்க."

"பேச்சு எதுக்கு? மூஞ்சியப் பார்த்தா போதாதா?"

"உங்களுக்குப் போதும்."

அவள் ஒருநாளும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தக் காலத்தில் எந்த வீட்டில்தான் கூப்பிட்டார்கள்? அவர் வரைந்துகொண்டிருந்தால் கதவோரம் நின்று கண்ணாடி வளையலைக் குலுக்குவாள். சாப்பாட்டுக்கும் அதுதான், சண்டைக்கும் அதுதான். அவர் தலை தானாகத் திரும்பும்.

ஆஸ்பத்திரி திறந்த மறுவருஷம், எழுபத்து மூன்றில், காந்தாவுக்கு நெஞ்சுவலி வந்தது. அதே வார்டில் சேர்த்தார்கள். சுமங்கலி கை வெறுங்கையாகக் கூடாதென்று வளையலை மட்டும் அவள் கழற்ற விடவில்லை.

"ஒரு நிமிஷம் உள்ள விடுங்க டாக்டர், நான் கட்டின ஆஸ்பத்திரி இது" என்று உமாபதி கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. பாழாய்ப்போன சட்டமும் அவர் கேட்டு வாங்கியதுதானே.

பகல் முழுக்க கண்ணாடியோடு ஒட்டி நின்றார். அவள் கண்ணயர்ந்தது தெரிந்ததும், கால் கடுக்கிறதென்று பெஞ்சில் உட்கார்ந்தார். நடைவழி குறுகக் கூடாதென்று கண்ணாடிக்கு முதுகு காட்டி அந்தப் பெஞ்சைப் போட்டவரும் அவரே. மற்ற நோயாளிகளின் வீட்டார் நாலைந்து பேரும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நன்றாகத் தூங்குகிறாள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

அப்போதுதான் டூட்டி மாறி வந்திருந்த நர்ஸ் லில்லி வெளியே வந்தாள். "காந்தாம்மா வீட்டுக்காரர் யாருங்க?" எழுந்தவரிடம் தலையைக் குனிந்துகொண்டு, "போயிட்டாங்க சார்" என்றாள்.

"கூப்ட்டிருக்கக் கூடாதாம்மா? இங்கியேதானே குந்திக்கினு இருந்தேன்."

"யாரைக் கூப்பிடணும், பேர் சொல்லுங்கம்மான்னு கேட்டேன் சார். சொல்லல. இந்தப் பக்கமே பார்த்துக்கினு கையத் தூக்கி வளையலை ஆட்டிக்கினே இருந்தாங்க. வலியில ஆட்றாங்கன்னு நான்தான் கையப் புடிச்சி கீழ வெச்சேன்."

இப்போது அவரை யாரும் தடுக்கவில்லை. உமாபதி உள்ளே போய்க் காந்தாவின் கையை எடுத்து மெல்லக் குலுக்கினார். வளையல் சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது.

"திரும்பிட்டேன் காந்தா" என்றார்.