தேர்வு எழுதும் இன்னொருவர்

தஞ்சாவூரில் எழுதவே மாட்டேன் என்று செபஸ்தியம்மாள் ஒரே பிடியாக நின்றாள். கார் ஓட்டிப் பழக எல்.எல்.ஆர். வாங்க வேண்டும், அதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை. கேள்வி வரும், சரியான பதிலைத் தொட வேண்டும், அவ்வளவுதான். அதை எந்த ஊரில் தொட்டால் என்ன என்று கேட்பவர்களுக்குத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து ஜனங்களைத் தெரியாது. எந்த நாளிலும் ஊரில் பாதிப்பேர் தஞ்சாவூரில்தான் இருப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர், உரத்துக்கு ஒருத்தர், சும்மா ஒருத்தர். அங்கே தோற்றால், அவள் வந்து பஸ்ஸைவிட்டு இறங்குவதற்குள் செய்தி இறங்கி டீயே குடித்திருக்கும்.

ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மூத்தார் மதலைமுத்து சிரிப்பதைத்தான் அவளால் தாங்க முடியாது.

அவள் புருஷன் அருள்பிரகாஷ் சிங்கப்பூரில் இருந்தான். போன லீவில் வந்தவன் வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தி, சாவியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் பிளேன் ஏறினான். அன்றிலிருந்து கார் அவள் வாசலில் நின்றதைவிட மதலைமுத்துவின் சொந்தக்காரர்கள் வாசலில் நின்றதுதான் அதிகம். ஒரு வார்த்தை கேட்டால், ஊருக்கு டிராக்டர் வந்த காலத்திலிருந்து தான் வண்டி ஓட்டுவதாக ஆரம்பித்துவிடுவார். மகள் பிரின்ஸி குடல்வால் வலியில் சுருண்டு துடித்த அன்று, கார் யாரோ ஒருவர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தது. நெல் மூட்டை ஏற்றும் லோடு ஆட்டோவில் சாக்கை விரித்துத்தான் பிள்ளையைக் கொண்டுபோனாள். பிள்ளை பிழைத்தது. செபஸ்தியம்மாளுக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

போனில் புருஷனைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவன் மென்று முழுங்கி, நீ எல்.எல்.ஆர். பாஸ் பண்ணு, அண்ணனிடம் பேசிச் சாவியை வாங்கித் தருகிறேன் என்றான். எங்கே பாஸ் பண்ணப்போகிறாள் என்ற தைரியத்தில் சொன்னானோ என்னவோ. சொன்னது சொன்னதுதான்.

கும்பகோணத்தில் அவள் தங்கை ஜாய்ஸ் இருந்தாள். டிரைவிங் ஸ்கூல் எந்த ஊரோ அந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசிலேயே எழுதலாம் என்று விசாரித்துச் சொன்னவள் அவள்தான். தங்கையன் மாஸ்டரின் ஸ்கூலில் பெயர் கொடுத்தாயிற்று. பரீட்சை நாளன்று ஜாய்ஸுக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு.

இதில் ஒரே ஒரு சங்கடம். அவர்கள் கோயில் பங்கில் யார் எந்தப் பரீட்சை எழுதினாலும் முந்தின ஞாயிறு பூசைக்கு வேண்டுதல் கொடுப்பார்கள். உபதேசியார் அதைப் பெயர் சொல்லி வாசிப்பார். பெயரைக் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும். கொடுக்காமல் விட மனசு கேட்கவில்லை. கடைசியில் உபதேசியாரைத் தனியாகப் பிடித்து, பெயர் வேண்டாம் என்று கெஞ்சினாள். அவரும் ஞாயிற்றுக்கிழமை, "தேர்வு எழுதும் ஒருவருக்காக" என்று வாசித்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "தேர்வு எழுதும் இன்னொருவருக்காக" என்றார். யார் வீட்டுப் பிள்ளையோ, அதுவும் நல்லா எழுதட்டும் என்று அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பரீட்சையன்று திருவையாறு வழியாகப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்கினாள். ஆபீஸ் பக்கத்துப் புங்கமர நிழலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. நம்ம வண்டி மாதிரியே இருக்கிறதே என்று பார்த்தாள். பின் கண்ணாடியில் பிரின்ஸி ஒட்டிய மாதா படம். நம்பரைப் பார்த்தாள். மாதிரி எல்லாம் இல்லை, அவள் வண்டியேதான்.

உள்ளே பெஞ்சில் மதலைமுத்து உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் வாத்தியாரைப் பார்த்த பையனாக எழுந்து நின்றார்.

மனுஷன் இத்தனை காலமும் லைசென்ஸே எடுத்ததில்லை. கல்லணை ரோட்டில் இப்போதெல்லாம் போலீஸ் மறித்துக் கேட்கிறார்கள் என்று பயம் வந்திருக்கிறது. தஞ்சாவூரில் எழுதினால் ஊர் பார்க்கும் என்று அவரும் கும்பகோணத்தைப் பிடித்திருக்கிறார். அந்த இன்னொருவர் யார் என்று அவளுக்குச் சட்டென்று விளங்கியது. சிரிப்பு வந்தது; கூடவே லோடு ஆட்டோவும் சாக்கும் நினைவுக்கு வந்து ஆத்திரமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள்.

குறுகிய பாலத்தில் ஏற வரும்போது எதிர்ப்பக்கத்து வண்டி ஏறப்போகிறது, என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. வாய்க்காலுக்கு வாய்க்கால் குறுகல் பாலம் உள்ள ஊர் அவளுடையது. அங்கே யார் முதலில் ஹாரன் அடிக்கிறாரோ அவருக்குத்தான் பாலம். ஆனால் புத்தகத்தில் படித்ததை நினைத்து, அது கடக்கும் வரை நிற்பேன் என்பதைத் தொட்டாள். பக்கத்தில் மதலைமுத்து யோசிக்காமல் டக் டக்கென்று தொட்டுக்கொண்டே போனார்.

அவள் பாஸ். அவர் பெயில்.

வெளியே மரத்தடிக்கு வந்ததும் அவர், "ஊர்ல சொல்லிடாத செபஸ்தி" என்றார்.

"சொல்லல அத்தான். சாவியக் குடுங்க."

"நீ மட்டும் ஓட்டிடுவியா? எல்.எல்.ஆர்.னா ஓட்டத் தெரிஞ்ச ஆளு பக்கத்துல இருக்கணும்."

"லைசென்ஸ் உள்ள ஆளு இருக்கணும்னுதான் புத்தகத்துல போட்டிருக்கு. ஓட்டத் தெரிஞ்ச ஆளுன்னு போடல."

அவர் சட்டைப்பையில் கைவிட்டுச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். ஆபீசுக்கு வந்திருந்த தங்கையன் மாஸ்டரே ஊர்வரை ஓட்டி வந்தார். செபஸ்தியம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். மதலைமுத்து, அந்தக் காரில் முதன்முறையாக, பின்சீட்டில் உட்கார்ந்தார். ஊருக்கு முந்தின வாய்க்கால் பாலத்தில் எதிரே டிராக்டர் வந்தது. மாஸ்டர் நிறுத்தி வழிவிட்டார். மதலைமுத்து பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு கோயிலில் உபதேசியார் வேண்டுதல்களை வாசித்தார். மறுபடி எழுத வேண்டியிருந்தும் மதலைமுத்து இந்தமுறை எதுவும் கொடுக்கவில்லை. எந்த முகத்தோடு கொடுப்பார். ஆனாலும் கடைசியில், "தேர்வு எழுதும் ஒருவருக்காக" என்று கேட்டது. ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்திப் பெண்கள் பக்கம் பார்த்தார். செபஸ்தியம்மாள் பீடத்தைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். சாவி அவள் மடியில் கைப்பைக்குள் இருந்தது.