என் வீட்டுக்காரர் குடித்த நிகராகுவா சுருட்டு

சுருட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாறும். பெட்டிக்கடையில் வாங்கினாலும் நாறும், விமானத்தில் ஏறி வந்தாலும் நாறும். இதைச் சுந்தரபாண்டியிடம் சொன்னால் முகத்தைச் சுளிப்பார். அது நாற்றமில்லையாம், நோட்ஸாம்.

சுந்தரபாண்டி யாரென்று சொல்லிவிடுகிறேன். என் மகள் வேல்விழி சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் தேவாவைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றாள். அந்தத் தேவாவைப் பெற்றவர்தான் இவர். விசாரித்தால் பூர்வீகம் ஆலங்குளம், சுற்றிவளைத்துச் சொந்தம்கூட வருகிறது. பெரிய உத்தியோகத்தில் உலகமெல்லாம் சுற்றி, ஓய்வு பெற்று, இப்போது சென்னையில் நாலு பணக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு சுருட்டு ரசிக்கும் சங்கம் நடத்துகிறார். மாதம் ஒரு நாள் கூடி உட்கார்ந்து புகை விடுவார்களாம். அதை எங்கள் ஊரில் வெட்டிப்பயல்கள் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து தினமும் செய்கிறார்கள்.

அவர் போனில் பேசியது இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. "பொண்ணு ஓகே. ஃபேமிலியும் ஓகே. ஆனா உங்க ஹஸ்பண்ட் சாமியாடுற வீடியோ யூடியூப்ல கிடக்கு. எங்க கிளப்ல எல்லாரும் பாத்துட்டாங்க. அதை மட்டும் அவர் விட்டுடணும். அப்பதான் மேல பேச முடியும்."

என் வீட்டுக்காரர் மாடக்கண்ணு போலீசில் எஸ்.எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். இலஞ்சியில் வயலும் கொஞ்சம் தென்னையும் இருக்கிறது. எங்கள் குடும்பத்துச் சுடலைமாடனுக்கு இவர்தான் சாமிகொண்டாடி. கோயில் கொடை அன்றைக்கு இடுப்பில் சல்லடம் கட்டி, வல்லயம் என்கிற ஈட்டியைப் பிடித்தாரென்றால், துள்ளுகிற துள்ளலில் மூன்று பேர் பிடித்தாலும் நிற்க மாட்டார். போடுகிற சத்தத்தில் தொட்டில் பிள்ளையெல்லாம் எழுந்து அழும். மாடன் வந்து நிற்கும்போது வாயில் சுருட்டு புகைய வேண்டும், அது வழக்கம். மற்ற நாளில் பீடி வாடை பட்டாலே மனுஷன் எழுந்து போய்விடுவார்.

அப்படிப்பட்டவரிடம் இந்த நிபந்தனையை எப்படிச் சொல்வேன்? மென்று முழுங்கித்தான் சொன்னேன். வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று பார்த்தால், சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரி, விட்டுருதேன். ரசம் ஊத்து" என்றார். மகளுக்காக மாடனையே விட்டுக்கொடுக்கிறாரே என்று நான்தான் அடுப்படியில் போய் நின்று அழுதேன்.

அதோடு விட்டாரா சுந்தரபாண்டி? குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். ஆனி சாரலுக்குக் குடும்பத்தோடு குற்றாலம் வந்தவர், ஐந்தருவி ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் தங்கிக்கொண்டு எங்களை வரச் சொன்னார். விட்டுவிடுகிறேன் என்பதை இவர் நேரில் சொல்ல வேண்டுமாம். கூடவே, சுருட்டு என்றால் என்னவென்று இவருக்குக் காட்ட வேண்டுமாம்.

போனோம். அருவிப் பக்கம் பார்த்த வராந்தா. தும்பைப்பூ நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு சுந்தரபாண்டி உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தேக்குப் பெட்டி. அதைத் திறந்தார், உள்ளே இருந்த சின்ன மீட்டரைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"சே, என்ன ஊர் இது? காத்துல இவ்வளவு ஈரம் இருந்தா சிகார் ஊறிப் போயிடும்."

குற்றாலச் சாரலைக் குறை சொன்ன மனுஷனை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் மனைவி உமாராணி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "மதினி, அவரு அப்படித்தான்" என்று காதோடு சொன்னாள். பாவம், நல்ல மனுஷி. வேல்விழியும் தேவாவும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போல வராந்தா ஓரத்தில் நின்றார்கள்.

சுருட்டுப் பாடம் ஆரம்பித்தது. நிகராகுவா என்று ஒரு தேசமாம். எரிமலைச் சாம்பல் கலந்த மண்ணாம். அந்த இலையைப் பறித்துப் புழுங்கவைத்து, கட்டிப்போட்டு, வருஷக்கணக்கில் தூங்கவைப்பார்களாம். "பன்னெண்டு வருஷம் ஏஜ் ஆன லீஃப், மிஸ்டர் மாடக்கண்ணு. வெயிட் பண்ணத் தெரிஞ்சவனுக்குத்தான் இது பேசும்." சம்பந்தி என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை, கவனித்தீர்களா? மிஸ்டராம் மிஸ்டர்.

கத்தரியால் நுனியைக் கத்தரித்தார். தீக்குச்சி ஆகாதாம், தேவதாரு சிம்பில்தான் பற்றவைக்க வேண்டுமாம். சாரலில் அந்தச் சிம்பு நாலு தடவை அணைந்து போனது. நாலு தடவையும் குற்றாலத்துக்குத்தான் திட்டு விழுந்தது. என் வீட்டுக்காரர் மேலதிகாரி முன்னால் உட்கார்ந்தது போல முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கொடுத்ததை வாங்கி வாயில் வைத்தார்.

"உள்ள இழுக்கக் கூடாது. புகையை வாய்க்குள்ள சுத்த விடுங்க. ம்... முதல்ல மிளகு வரும். அப்புறம் கோகோ. அடியில லேசா லெதர். தெரியுதா?"

"செருப்பைக் கடிச்ச மாதிரி இருக்குங்காரா?" என்று மகளிடம் கேட்டேன். தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"என்ன தெரியுது, மிஸ்டர் மாடக்கண்ணு?"

"புகை தெரியுது, சார்."

சுந்தரபாண்டி கண்ணை மூடித் திறந்தார். "பழகணும், பழகணும். என் முதல் சிகாரை எங்க பிடிச்சேன் தெரியுமா? நிகராகுவாவுல, எஸ்டெலிங்கற ஊர்ல. தோட்டத்து மாஸ்டர் தன் கையால சுருட்டிக் கொடுத்தார். அன்னிக்குதான் புகையிலைன்னா என்னன்னு புரிஞ்சுது. நம்ம ஊர்ல சாமிக்கு வைக்கிறாங்களே, அதுக்குப் பேர் சிகாரா? மாட்டுச்சாணி." சாம்பல் உதிராமல் ஓர் அங்குலம் நிற்பதைத் தூக்கிக் காட்டினார். "இந்தச் சாம்பலைப் பாருங்க. எவ்வளவு வெள்ளை, எவ்வளவு உறுதி. இதைத் தட்டக் கூடாது, ரசிக்கணும்." பிறகு சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "அப்ப அந்த விஷயம்?" என்றார்.

"விட்டுருதேன், சார்."

"இந்தக் கொடையிலருந்தே?"

"இந்தக் கொடையிலருந்தே, சார்."

"குட். கல்யாணத்துல யாராவது கேட்டா, டிபார்ட்மென்ட்ல இருந்தார்னு மட்டும் சொல்லிக்கலாம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. சூடான காப்பியை அந்த வெள்ளைச் சட்டையில் கொட்டினால் என்ன என்று தோன்றியது. மகள் முகத்தைப் பார்த்தேன். காப்பியைக் குடித்தேன்.

காரியம் முடிந்த குஷியில் சுந்தரபாண்டி போனை எடுத்துப் பாட்டுப் போட்டார். நல்ல சிகாருக்கு ஜாஸ்தான் ஜோடியாம். கொஞ்ச நேரம் பீப்பீ என்று யாரோ ஊதினார்கள். அப்புறம் ஊதல் நின்று டிரம்ஸ் மட்டும் தனியாகக் கிளம்பியது. முதலில் மெதுவாக, அப்புறம் வேகம் கூடிக் கூடி, வராந்தாத் தரையே அதிர ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் இழுத்தார். வாயோடு நிறுத்தச் சொன்ன புகையை நெஞ்சு நிறைய இழுத்தார். இருமல் வரவில்லை. தலை தொங்கியது. பிரஷர் மாத்திரை போடாமல் வந்துவிட்டாரோ என்று நான் பதறி எழுந்தேன்.

"ஏலே" என்றார்.

உரக்கச் சொல்லவில்லை. பக்கத்து ஆளிடம் பேசுகிற குரல்தான்.

சுந்தரபாண்டி கண்ணைத் திறந்தார். "எக்ஸ்க்யூஸ் மீ?"

"ஏலே சுந்தரபாண்டி. உன் முதச் சுருட்டை எங்க வச்சுலே குடிச்ச?"

"அதான்... நிகராகுவா..."

"பொய் சொல்லாதலே. எனக்குப் படைச்ச சுருட்டை எடுத்தவன்தானலே நீ? உங்கப்பன் என் பீடத்துல வச்சுட்டுத் திரும்புதான், நீ இலையிலருந்து உருவுத. ஒளிஞ்சிருந்து குடிச்சுட்டு வாந்தி எடுத்தியா இல்லியா?"

சுந்தரபாண்டி கையிலிருந்த சுருட்டு நழுவித் தரையில் விழுந்தது. ரசிக்க வேண்டிய சாம்பல் உடைந்து சிதறியது.

"பழியை யாரு மேலலே போட்ட?"

"தம்பி மேல..." அவ்வளவுதான், சென்னைத் தமிழும் இங்கிலீஷும் வந்த வழியே போய்விட்டன. "சாமி, தம்பி மேலதான் போட்டேன். அப்பா அவனைப் போட்டு அந்த அடி அடிச்சாக. நான் பாத்துக்கிட்டே நின்னேன், சாமி. அவன் செத்த பொறவும் நான் யாருகிட்டயும் சொல்லல, சாமி."

உமாராணி ஓடிவந்து தொபுக்கென்று காலில் விழுந்தாள். "தப்புதான், சாமி. ஆலங்குளத்துல கொடையே நின்னு போச்சு. நான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன், இவரு கேக்கல. பொறுத்துக்கிடணும், சாமி." இரண்டு கையையும் ஏந்தினாள். என் வீட்டுக்காரர் சுருட்டைத் தட்டி அந்தச் சாம்பலை அவள் நெற்றியில் பூசினார். அடுத்துச் சுந்தரபாண்டி குனிந்தார், அவருக்கும் பூசினார். எரிமலை மண்ணில் விளைந்து பன்னிரண்டு வருஷம் தூங்கிய திருநீறு. நெற்றியில் அதை வாங்கிக்கொண்டு மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார். தேவா கைகூப்பி நின்றான்.

"எனக்குச் சுருட்டு வைலே."

சுந்தரபாண்டி பெட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார்.

"பெட்டியோட வைலே."

பெட்டியோடு வைத்தார், மீட்டர் உள்பட.

எனக்கா, உள்ளுக்குள் சிரிப்புத் தாங்கவில்லை. வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டேன். மாடன் எப்படி வருவான் என்று எனக்குத் தெரியாதா? கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். ஊளையிடுவான், துள்ளுவான், ஊரே பிடித்தாலும் நிற்க மாட்டான். இங்கே இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அடேயப்பா, என்ன ஒரு நடிப்பு! படையல் சுருட்டைத் திருடாத பயல் நம் பக்கத்தில் உண்டா? திருடியவன் பழியை அடுத்தவன் மேல் போடாமல் இருந்திருப்பானா? ஸ்டேஷனில் எத்தனை பேரை உட்காரவைத்து இப்படிக் கேட்டிருப்பார்! அந்த வித்தையை எடுத்து விட்டிருக்கிறார். வாழ்க்கையில் முதன்முதலாக என் புருஷனை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பாட்டு முடிந்தது. இவர் தலையை நிமிர்த்தி, "தண்ணி" என்றார்.

அப்புறம் நடந்ததைக் கேட்க வேண்டுமே. மிஸ்டர் போன இடம் தெரியவில்லை. அண்ணாச்சி, அண்ணாச்சி என்று ஒரே அண்ணாச்சிதான். "நீங்க ஆடாம வேற யாரு அண்ணாச்சி ஆடுவா? நான் சொன்னதை மறந்துருங்க. எங்க ஆலங்குளத்துக் கொடையையும் இந்த வருஷமே எடுத்துருவோம், நீங்கதான் வந்து ஆடணும்." ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு முடிந்தது. வேல்விழி என் தோளில் சாய்ந்து அழுதாள். நாங்கள் கிளம்பும்போது சுந்தரபாண்டிக்குப் பழைய குரல் திரும்பியிருந்தது. சங்கத்துக்காரர் யாருக்கோ போன் போட்டு, "யெஸ், என் சம்பந்திதான். வாட் எ பிரசென்ஸ்! கிளப்ல எல்லாரும் கொடைக்கு வாங்க. நான் அரேஞ்ச் பண்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நெற்றியில் சாம்பலைத் துடைக்கவில்லை. நாய் வாலை யார் நிமிர்த்துவது?

மகளைத் தேவாவோடு விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோ பிடித்தோம். சாரலுக்குப் படுதாவை இறக்கிவிட்டிருந்தார்கள். வண்டிச் சத்தத்தில் முன்னால் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. நான் அடக்கிவைத்த சிரிப்பையெல்லாம் சிரித்தேன்.

"என்னமா நடிச்சிய! சுருட்டுத் திருடுனதை எப்படிக் கண்டுபிடிச்சிய?"

"யாரு சுருட்டுத் திருடுனா?"

"போதும் போதும். அவுகதான் இங்கன இல்லையே, இன்னும் எதுக்கு நடிப்பு?" என்று அவர் தொடையில் தட்டினேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்றிருந்தது. "பேச்சி, அந்தக் கொட்டுச் சத்தம் கேட்டது தெரியும். பொறவு தண்ணி குடிச்சது தெரியும். நடுவுல என்ன பேசுனேன்? அந்த மனுசன் ஏன் அழுதாரு? யாரையும் அசிங்கமா ஏசிட்டேனாட்டி?"

விளையாடுகிறார் என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

"கொடையில ஆடுனாலும் இப்படித்தான ஒண்ணும் ஞாபகமில்லம்பிய?"

அவர் படுதாவையே பார்த்துக்கொண்டு இருந்தார். "கொடையில எல்லாம் ஞாபகம் இருக்கும். யாரு முன்னால நிக்கான்னு பாத்துத்தான் குறி சொல்லுவேன். புடிக்க ஆளு இருக்கான்னு பாத்துத்தான் துள்ளுவேன். எங்க அப்பாவுக்குச் சாமி வந்துச்சு, எனக்கும் வந்துரும்னு வல்லயத்தைக் கையில குடுத்துட்டாக. வரல. ஊரே நிக்குது, வரலன்னு சொல்ல முடியுமா? விட்டுருன்னு அந்தாளு சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இன்னைக்குப் போயி மாடன் நெசமாவே வந்துட்டாரே, பேச்சி. இனிமே நான் எந்த முகத்தோட போயி நடிச்சு ஆடுவேன்?"

எனக்கு அவர் கேட்டது காதில் ஏறவில்லை. கர்ப்பப்பையை எடுக்க ஆபரேஷன் என்று சொன்ன வருஷம் கொடையில் மாடன் முன்னால் போய் நின்றதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பயத்தில் சோறு தண்ணி இறங்காமல் இருந்தேன். மாடன் என் தலையில் கை வைத்து, "பயப்படாதட்டி, நான் உள்ள வந்து உன் பக்கத்துல நிப்பேன்" என்றான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தென்காசி ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் படுத்தேன். மயக்க ஊசி போடும்போது, மாடன் நிற்கிறான், மாடன் நிற்கிறான் என்று சொல்லிக்கொண்டேதான் கண்ணை மூடினேன்.

"என் ஆபரேஷனுக்குச் சொன்னது?" என்று கேட்டேன்.

அவர் படுதாவை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"அதும் நான்தான், பேச்சி."

ஓங்கி ஓர் அறை விட வேண்டும்போல் இருந்தது. பிடித்திருந்த கையை உருவத்தான் முடியவில்லை.